சர்வதேச உறவுகள்: யாருடைய பாடம்?

ஆண்டுதோறும் மே, ஜூன் மாதங்களில் ஆங்கில நாளேடுகளின் பக்கங்களைத் தனியார் பல்கலைக்கழகங்களின் மாணவர் சேர்க்கை விளம்பரங்கள் நிறைத்துவிடுகின்றன. அண்மைக் காலமாக அவற்றில் தவறாமல் இடம்பெறும் ஒரு பட்டப்படிப்பு சர்வதேச உறவுகள். வரிசையாகப் பறக்கும் பல நாட்டுக் கொடிகளும் கோட்டு அணிந்த இளைஞர்களின் புன்னகையும் அதற்கு அணிசேர்க்கின்றன. கட்டணம் எவ்வளவு என்பது மட்டும் விளம்பரத்தில் இருப்பதில்லை. விசாரித்தால், படிப்பு முடிவதற்குள் பல லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்பது தெரியவரும்.

அதே நாளேட்டின் உள்பக்கங்களில் வேறு செய்திகள் உள்ளன. வளைகுடா நாட்டில் மாதக்கணக்கில் ஊதியமின்றித் தவிக்கும் கட்டுமானத் தொழிலாளர்கள், அமெரிக்காவின் இறக்குமதி வரியால் ஆர்டர் இழந்த பின்னலாடை ஆலைகள், போர் நடக்கும் நாட்டிலிருந்து மகனின் உடலேனும் வந்துசேருமா என்று காத்திருக்கும் பெற்றோர். இவையும் சர்வதேச உறவுகள்தாம். விளம்பரத்தில் உள்ள பாடத்தை வாங்க வசதி படைத்த வீடுகளில் இத்துயரங்கள் நிகழ்வதில்லை. இத்துயரங்கள் நிகழும் வீடுகளின் பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் எட்டுவதில்லை.

இளநிலைப் பட்டமாகச் சர்வதேச உறவுகளைக் கற்பிப்பது தேவையா என்ற கேள்விக்கு இடதுசாரி இயக்கத்தில் பலரும் அலட்சியமாகவே விடையளிக்கின்றனர். மேட்டுக்குடியினரின் அலங்காரப் படிப்பு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் ஒதுக்கப்படும் களம் எதுவும் வெறுமையாகக் கிடப்பதில்லை. மூலதனம் அதை நிரப்பிக்கொள்கிறது. உலகைக் கற்கும் உரிமை உழைக்கும் மக்களின் கல்விக் கோரிக்கைகளுள் ஒன்றாக வேண்டும்.

சுரங்கப் பணத்தில் பிறந்த துறை

இத்துறையின் பிறப்பே கவனிக்கத்தக்கது. சர்வதேச அரசியலைக் கற்பிப்பதற்கென்று உலகில் நிறுவப்பட்ட முதல் பேராசிரியர் பதவி, 1919இல் வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித் நகரக் கல்லூரியில் தோன்றியது. முதல் உலகப் போரில் மாண்ட மாணவர்களின் நினைவாக டேவிட் டேவிஸும் அவருடைய சகோதரிகளும் அதற்கு 20,000 பவுண்டு வழங்கினர். அக்குடும்பத்தின் செல்வம் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து திரண்டது. பதவிக்கு அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சனின் பெயர் சூட்டப்பட்டது. இனியொரு போர் வேண்டாம் என்ற மெய்யான ஏக்கம் அதில் இருந்தது. அந்த ஏக்கம் பேரரசுகளின் அடித்தளத்தைக் கேள்வி கேட்டுவிடக் கூடாது என்ற எச்சரிக்கையும் உடன் இருந்தது.

அமெரிக்காவில் கதை இன்னும் வெளிப்படையானது. 1910இல் கிளார்க் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட ஓர் ஆய்விதழின் பெயர் 'இன வளர்ச்சி இதழ்'. 1919இல் அது 'சர்வதேச உறவுகள் இதழ்' என்று பெயர் மாறியது. பின்னர் 1922இல் 'ஃபாரின் அஃபேர்ஸ்' இதழுடன் இணைந்தது. இன்று உலகெங்கும் வெளியுறவு மாணவர்கள் வேதம்போல் படிக்கும் இதழின் முன்னோடி அதுவே. காலனி மக்களை எவ்வாறு நிர்வகிப்பது என்ற கேள்வி இத்துறையின் தொட்டிலில் இருந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அதே ஆண்டுகளில் மற்றொரு பாடத்திட்டமும் எழுதப்பட்டது. 1916இல் சூரிச் நகரில் அமர்ந்து லெனின் எழுதிய ஏகாதிபத்தியம் பற்றிய நூல், நாடுகளிடையேயான மோதலின் வேரை வங்கிகளிலும் ஏகபோகங்களிலும் தேடியது. அடுத்த ஆண்டு நவம்பரில், ஆட்சிக்கு வந்த சில வாரங்களுக்குள் சோவியத் அரசு ஜார் காலத்து ரகசிய ஒப்பந்தங்களை வெளியிட்டது. அரபு நிலங்களை பிரிட்டனும் பிரான்சும் தமக்குள் பங்கிட்டுக்கொண்ட சைக்ஸ்-பிகோ ஒப்பந்தம் அவ்வாறுதான் உலகுக்குத் தெரிந்தது. வெளியுறவு என்பது சாமானிய மக்கள் படித்துத் தீர்ப்புக் கூறத்தக்க ஒன்று என்பதே அந்த வெளியீட்டின் பொருள்.

அபெரிஸ்ட்வித்தில் நிறுவப்பட்ட அதே பதவியில் 1936இல் அமர்ந்தவர் இ.எச்.கார். எல்லா நாடுகளின் நலன்களும் இயல்பாகவே ஒத்துப்போகின்றன என்னும் கோட்பாடு, மேலோங்கிய நாடுகள் தம் நலனை உலக நலனாகக் காட்டும் உத்தி என்று 1939இல் வெளியான தம் நூலில் அவர் நிறுவினார். சோவியத் ரஷ்யாவின் வரலாற்றைப் பல தொகுதிகளில் எழுதியவரும் அவரே. ஆகவே இத்துறையும் ஒரு போராட்டக் களம்தான். அதை முழுதாக நிராகரிப்பது எதிரணியிடம் களத்தை ஒப்படைப்பதாகும்.

சப்ரு ஹவுஸிலிருந்து சந்தைக்கு

இந்தியாவில் இத்துறை வேறொரு சூழலில் வேர்விட்டது. பாண்டுங் மாநாடு நடந்த 1955ஆம் ஆண்டிலேயே தில்லி சப்ரு ஹவுஸில் இந்திய சர்வதேச ஆய்வுகள் கல்விக்கூடம் தொடங்கப்பட்டது. விடுதலை பெற்ற நாடு, உலகைப் பிறர் கண்கொண்டு பார்க்கக் கூடாது என்ற கருத்து அதன் பின்னணியில் இருந்தது. 1970இல் அது ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. மேற்கு ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் எனப் பிரதேசவாரியாக ஆய்வு வளர்ந்தது. பின்தங்கிய மாவட்டங்களிலிருந்து வரும் மாணவர்களுக்கு நுழைவுத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் வழங்கும் முறை அப்பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. அதைக் காக்க இடதுசாரி மாணவர் இயக்கம் நடத்திய போராட்டங்கள் வரலாற்றில் பதிவானவை.

ஆனால் இந்த அமைப்பில் தொடக்கம் முதலே ஒரு குறை இருந்தது. சர்வதேச உறவுகள் பெரும்பாலும் முதுநிலைக்கும் ஆய்வுக்கும் உரிய பாடமாகவே கருதப்பட்டது. இளநிலையில் அரசியல் அறிவியல் பட்டத்தின் ஒன்றிரண்டு தாள்களாக அது சுருங்கிக் கிடந்தது. அரசுப் பல்கலைக்கழகங்களில் இதை இளநிலைத் தனிப்பட்டமாக வழங்குபவை இன்றும் மிகச் சில. பதினெட்டு வயதில் உலகைப் பற்றி அறிய விரும்பும் மாணவிக்கு அரசுக் கல்லூரி கதவைத் திறக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் தனியார் மூலதனம் கடைவிரித்தது.

இருந்த இடங்களும் சுருக்கப்பட்டு வருகின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிகளைக் காட்டி, 2017இல் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் இடங்கள் பெருமளவு வெட்டப்பட்டன. 2025 ஜூனில் தில்லிப் பல்கலைக்கழகத்தின் நிலைக்குழு ஒன்று, முதுநிலை அரசியல் அறிவியல் பாடத்திட்டத்திலிருந்து பாகிஸ்தான், சீனா, இஸ்லாம் குறித்த தாள்களை நீக்குமாறு பணித்தது என்ற செய்தி வெளிவந்தது. அண்டை நாட்டை நண்பனாகக் கருதினாலும் பகைவனாகக் கருதினாலும் அதைக் கற்றாக வேண்டும். கற்கவே கூடாது என்று சொல்லும் ஆட்சியாளர்களுக்குத் தேவைப்படுவது வெறுப்பு மட்டுமே.

மறுபுறம், வெளியுறவுச் சிந்தனையின் மையம் பல்கலைக்கழகங்களை விட்டு, பெருநிறுவனங்களின் நிதியில் இயங்கும் ஆய்வமைப்புகளுக்கு இடம்பெயர்கிறது. 2016 முதல் தில்லியில் நடைபெறும் ரைசினா உரையாடலை வெளியுறவு அமைச்சகத்துடன் சேர்ந்து நடத்தும் அமைப்பு, ரிலையன்ஸ் நிதியில் வளர்ந்தது. தனியார் பல்கலைக்கழகம், பெருநிறுவன ஆய்வமைப்பு, ஆங்கிலத் தொலைக்காட்சி விவாதம் ஆகிய மூன்றுக்கும் இடையே ஒரே வட்டத்தினர் சுற்றிவருகின்றனர். நாட்டின் நலன் எது என்பதை அவர்களே வரையறுக்கின்றனர்.

சொற்களுக்குள் ஒளிந்திருப்பது

இத்துறையின் கலைச்சொற்கள் நடுநிலையானவை அல்ல. 'சர்வதேச சமூகம்' என்னும் சொற்றொடரைச் செய்திகளில் நாள்தோறும் காணலாம். கியூபா மீதான அமெரிக்கப் பொருளாதாரத் தடையைக் கண்டித்து ஐ.நா. பொதுச்சபை 1992 முதல் ஏறத்தாழ ஆண்டுதோறும் தீர்மானம் நிறைவேற்றி வருகிறது. 2024இல் 187 நாடுகள் ஆதரித்தன. அமெரிக்காவும் இஸ்ரேலும் மட்டும் எதிர்த்தன. 2023 டிசம்பரில் காசாவில் உடனடிப் போர்நிறுத்தம் கோரிய தீர்மானத்தை 153 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்தவை 10. இருந்தும் அந்த 187 நாடுகளையோ 153 நாடுகளையோ எந்தச் செய்தி நிறுவனமும் சர்வதேச சமூகம் என்று அழைப்பதில்லை. வாஷிங்டனும் அதன் கூட்டாளிகளும் பேசும்போதுதான் அச்சொல் உயிர்பெறுகிறது. இதைக் கண்டுகொள்ளும் பயிற்சியே இப்பாடத்தின் முதல் பயன்.

இப்பயிற்சியை ஆங்கிலத்தில் மட்டுமே பெற முடியும் என்ற நிலை இரண்டாவது மதில். இந்திய வெளியுறவுப் பணிக்கு வழிவகுக்கும் குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வின் வினாத்தாள் இன்றும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே உள்ளது. முதன்மைத் தேர்வில் தமிழில் விடை எழுதலாம். ஆனால் மொழித்தாள்கள் நீங்கலாக வினாக்கள் அவ்விரு மொழிகளில்தான். தமிழிலோ வங்கத்திலோ மராத்தியிலோ படித்துவரும் மாணவர் வாசலிலேயே தடுக்கப்படுகிறார்.

இந்திய மொழிகளில் இப்பாடம் இயலாது என்பது வரலாறு அறியாதவர் கூற்று. தூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்த நூல் திருக்குறள். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் தமிழில் வெளியிட்ட மார்க்சிய நூல்களை வைத்துக்கொண்டு ஆலைத் தொழிலாளர்களும் விவசாயிகளும் வியத்நாமையும் பாலஸ்தீனத்தையும் அங்கோலாவையும் விவாதித்தனர். மேலும் இந்தியாவின் பல மொழிகள் எல்லை கடந்து பேசப்படுபவை. வங்கம் வங்கதேசத்திலும், உருதும் பஞ்சாபியும் பாகிஸ்தானிலும், தமிழ் இலங்கையிலும் வாழ்கின்றன. அண்டை நாட்டு மக்களின் நாளேட்டை மொழிபெயர்ப்பின்றி வாசிக்க வல்ல மாணவர்கள் மாவட்டக் கல்லூரிகளில் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு, அண்டை நாட்டைப் பற்றி லண்டனில் அச்சான நூல் வழியே கற்பிப்பது விந்தை.

தொழிலாளிக்கு இதில் என்ன?

வேலை கிடைக்காத படிப்பை ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏன் பரிந்துரைக்க வேண்டும் என்ற ஐயம் நியாயமானது. தூதரகப் பணி சிலருக்கே வாய்க்கும் என்பதும் உண்மை. ஆனால் வெளியுறவைப் படித்தவர் தேவைப்படும் இடம் தூதரகம் மட்டுமன்று.

வளைகுடா நாடுகளில் ஏறத்தாழ 90 லட்சம் இந்தியர்கள் வாழ்கின்றனர். வெளிநாடுகளில் உழைப்போர் ஆண்டுக்கு 10,000 கோடி டாலருக்கு மேல் நாட்டுக்கு அனுப்புகின்றனர். பத்தாம் வகுப்பு தேறாத தொழிலாளியின் கடவுச்சீட்டில் ஈ.சி.ஆர். என்ற குறிப்பு இருக்கிறது. அது 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்திலிருந்து வருவது. அச்சட்டத்தையும், வேலையளிப்பவரிடம் தொழிலாளியைக் கட்டிப்போடும் கஃபாலா முறையையும், இருதரப்புத் தொழிலாளர் ஒப்பந்தங்களையும் அறிந்தவர்கள் தொழிற்சங்கங்களிலும் பஞ்சாயத்துகளிலும் எத்தனை பேர்? 2023 நவம்பரில் இஸ்ரேலுடன் தொழிலாளர் ஒப்பந்தம் கையெழுத்தானது. பாலஸ்தீனத் தொழிலாளர்களின் அனுமதி பறிக்கப்பட்ட இடங்களுக்கு, 2024 ஜனவரியில் ஹரியானாவின் ரோத்தக்கில் ஆளெடுப்பு நடந்தது. மத்தியத் தொழிற்சங்கங்கள் அதை எதிர்த்தன. வரிசையில் நின்ற வேலையற்ற இளைஞர்களுக்கு அந்த எதிர்ப்பின் காரணத்தை அவர்கள் மொழியில் விளக்குவதற்கு உலக அரசியல் கற்ற ஊழியர்கள் தேவை.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக்கியது. அதில் பாதி, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கான தண்டனை. எண்ணெய் வாங்கியவர்கள் பெருநிறுவனங்கள். வேலை இழக்கும் அச்சம் சூழ்ந்தது திருப்பூர்த் தையல் தொழிலாளியை. இவ்விரண்டையும் இணைத்துக் காட்டாத எந்தப் பாடமும் முழுமையாகாது.

இந்திய அரசியல் சாசனம், பன்னாட்டு ஒப்பந்தங்களுக்கு நாடாளுமன்ற ஒப்புதலைக் கட்டாயமாக்கவில்லை. 1994இல் உலக வர்த்தக அமைப்புக்கான ஒப்பந்தத்தில் அவ்வாறே கையெழுத்திடப்பட்டது. அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்தை எதிர்த்து 2008 ஜூலையில் இடதுசாரிக் கட்சிகள் அரசுக்கான ஆதரவை விலக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. நாடாளுமன்றம் கேள்வி கேட்க முடியாத இடத்தில் மக்கள்தான் கேட்க வேண்டும். கேட்டால் பலன் உண்டு என்பதற்கும் சான்று இருக்கிறது. ஆர்சிஇபி எனப்படும் பிராந்திய வர்த்தக ஒப்பந்தத்திலிருந்து 2019 நவம்பரில் இந்தியா விலகியதில் விவசாயிகள், பால் உற்பத்தியாளர்களின் எதிர்ப்புக்குப் பெரும் பங்குண்டு. சுங்க வரி அட்டவணை மாட்டுத் தொழுவத்தை எப்படித் தாக்கும் என்று விளக்கக் கற்றவர்கள் அப்போராட்டத்தில் இருந்தனர்.

கோரிக்கையின் வடிவம்

எந்த இளநிலைப் பட்டம் வேண்டும் என்பதும் தெளிவாக வேண்டும். கோட்பாடுகளின் பெயர்களை மனப்பாடம் செய்வித்து, மாதிரி ஐ.நா. சபையில் நடிக்கப் பழக்கும் படிப்பால் பயனில்லை. காலனியாதிக்க வரலாறும் அரசியல் பொருளாதாரமும் அதன் அடித்தளமாக வேண்டும். ஓர் அண்டை நாட்டு மொழியோ ஆசிய, ஆப்பிரிக்க மொழியோ கட்டாயமாக வேண்டும். புலம்பெயர் தொழிலாளர், கடன், வர்த்தகம், தட்பவெப்ப நெருக்கடி ஆகியவை ராணுவத்துக்கு நிகரான இடம் பெற வேண்டும். ஒவ்வொரு மாநிலத்திலும் அரசுக் கல்லூரிகளில், அரசுக் கட்டணத்தில், இடஒதுக்கீட்டுடன், மாநில மொழியில் இது கற்பிக்கப்பட வேண்டும். அதற்கான நூல்களை எழுதவும் மொழிபெயர்க்கவும் அரசு நிதி ஒதுக்க வேண்டும். குடிமைப் பணி வினாத்தாள்கள் எட்டாவது அட்டவணை மொழிகள் அனைத்திலும் வர வேண்டும்.

மாணவர், ஆசிரியர் அமைப்புகள் இக்கோரிக்கைகளைத் தமது மாநாட்டுத் தீர்மானங்களில் சேர்க்கலாம். கட்சிக் கிளைகள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. சர்வதேச நிலைமை பற்றிய அறிக்கையின் முதல் பகுதியை விரைந்து வாசித்துவிட்டு, உள்ளூர்ப் பிரச்சனைக்குத் தாவும் பழக்கம் பல கூட்டங்களில் உண்டு. அந்தப் பகுதியை ஊரின் ஆலையோடும் வயலோடும் கடவுச்சீட்டோடும் பொருத்தி விவாதிப்பதே தொடக்கம். உலகைப் பற்றிய அறிவு வெகுசிலரின் சொத்தாக இருக்கும்வரை, உலகத்தோடு செய்துகொள்ளும் ஒப்பந்தங்களும் அந்தச் சிலரின் நலனுக்கே எழுதப்படும்.