ஆலயக் கூட்டத்தில் பெண்களுக்கும் இடம் வேண்டும்

கடந்த ஆண்டு ஸ்ரீ கெம்பாங்கானில் ஓர் ஆலயத் திருவிழாக் கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். மேசையைச் சுற்றி ஆண்கள் மட்டுமே அமர்ந்திருந்தனர். பூ கட்டுதல், கோலமிடுதல், அன்னதானத்திற்குக் காய்கறி நறுக்குதல் என விழா வேலைகளில் பெரும்பகுதியைச் செய்யும் பெண்கள் சுவரோரமாக நின்றிருந்தனர். அவர்களுடைய கருத்தையும் கேட்கலாமே என்றேன். "அது நம் மரபில் இல்லை, டீச்சர்," என்றார் ஒருவர்.

அந்தப் பதிலை என்னால் ஏற்க இயலவில்லை. நம் மரபு வேறுவிதமாகக் கூறுகிறது.

தேவாரம் பாடிய மூவருக்கும் முன்பே சிவபெருமானைத் தமிழில் பாடியவர் காரைக்கால் அம்மையார். 63 நாயன்மார்களுள் பெண்கள் மூவரே. ஆயினும், சிவாலயங்களில் நாயன்மார் வரிசையைக் கவனித்துப் பாருங்கள். மற்றவர்கள் நின்றிருக்க, அம்மையார் மட்டும் அமர்ந்திருப்பார்.

சமண சமயத்தில் பெண் குருமார்கள் 'குரத்தியர்' என அழைக்கப்பட்டனர். கழுகுமலைக் கல்வெட்டுகளில் அவர்களின் பெயர்கள் காணப்படுகின்றன. வந்தவாசிக்கு அருகிலுள்ள வேடலில் கனகவீரக் குரத்தியார் கற்பித்து வந்தார். அவரையும் அவருடைய மாணவர்களையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஊராரே ஏற்றதாக அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது.

பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த சோழ அரசி செம்பியன் மாதேவி, கணவர் கண்டராதித்தர் மறைந்த பின்னரும் முடங்கிவிடவில்லை. செங்கல் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றினார். பூசைகள் தடையின்றி நடைபெற நிலமும் பொன்னும் வழங்கினார்.

இவற்றைக் கொண்டு, பழங்காலத்தில் எல்லாப் பெண்களும் சமமாக நடத்தப்பட்டனர் என்று பெருமை பேசிவிட முடியாது. செம்பியன் மாதேவி ஓர் அரசி. குரத்தியர் இல்லறத்தைத் துறந்தவர்கள். அம்மையாரும் தம் அழகையும் இளமையையும் துறந்த பிறகே இறைவனை நாடிச் சென்றதாகப் பெரியபுராணம் கூறுகிறது. இல்லறத்தில் வாழ்ந்த சாதாரணப் பெண்ணுக்கு அத்தகைய வாய்ப்பு எளிதில் கிட்டவில்லை. நாம் தொடரக்கூடாதது இந்தக் குறையைத்தான்.

இன்று நம் நாட்டில் பெண்கள் பள்ளிகளை வழிநடத்துகின்றனர். வழக்கறிஞர்களாகவும் கணக்காய்வாளர்களாகவும் பணியாற்றுகின்றனர். ஆலயத்தின் வரவு செலவையும் சமய வகுப்பையும் அவர்களால் நிர்வகிக்க முடியாதா? நிர்வாகக் குழுவில் பெண்களுக்கு இடமளிப்பது சலுகையன்று, உழைப்பவருக்குரிய உரிமை. கருவறைக்கு வெளியே அம்மையாரை அமர வைத்து வணங்கும் நாம், கூட்ட அறையில் நம் அம்மாக்களை நிற்க வைப்பது முறையாகுமா?