எது ஏறும் என்னும் கேள்வி

ஆண்டு முடியுந் தறுவாயில் பங்கு இல்லத்துக்கு வருவோர், நலம் விசாரித்த கையோடு, அண்மைக் காலமாக மற்றொன்றையும் கேட்கின்றனர்: "சாமி, வருகிற வருடம் எதில் பணம் போட்டால் ஏறும்?" பொருளியல் எனக்குக் குருமடத்தில் கற்பித்த பாடமன்று. ஆயினும், குடும்பங்களின் கடன் கதைகளை நெடுங்காலம் கேட்டவன் என்னும் உரிமையில் சில சொல்ல விழைகின்றேன்.

சென்ற மாதம் வந்தவர் 60 வயதில் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துனர். கையில் 12 லட்சம் ரூபாய். வரும் ஆவணியில் மகளுக்குத் திருமணம். மகனோ, கைபேசியிலேயே 'ஆப்ஷன்' வணிகஞ்செய்து பணத்தை இரட்டிப்பாக்கலாம் என்கின்றான். மனைவியார் அனைத்துக்கும் நகை வாங்கிவிட வேண்டும் என்கின்றார். அண்மையில் ஏறியது எதுவோ, அதுவே இனியும் ஏறும் என்று தோன்றுவது மனித இயல்பன்றோ!

தங்கத்தை எடுத்துக்கொள்வோம். 2025 செப்டம்பரில் சென்னையில் ஒரு சவரன் 80,000 ரூபாயைத் தாண்டியது. அடுத்த மாதமே உலகச் சந்தையில் ஓர் அவுன்சு 4,000 டாலரைக் கடந்தது. கண்டோர் மயங்குவதில் வியப்பில்லை. ஆனால் 2011-இல் 1,900 டாலருக்கு ஏறிய அதே தங்கம், 2015 இறுதியில் ஏறத்தாழ 1,050 டாலருக்கு இறங்கியது. பழைய உச்சத்தை மீண்டும் தொட 2020 வரை காத்திருக்க நேர்ந்தது. ரூபாயின் மதிப்புச் சரிந்தமையால் நம் கண்ணுக்கு அவ்வீழ்ச்சி முழுதும் தெரியவில்லை, அவ்வளவே. மேலும், நகையாக வாங்கினால் செய்கூலியும் சேதாரமும் கொடுத்தாக வேண்டும். விற்கும்போது அவை திரும்பி வாரா. அணிவதற்கு வாங்குவது வேறு, முதலீடு வேறு.

அடுத்தது பங்குச் சந்தை. (நம் பங்குக்கும் அந்தப் பங்குக்கும் பெயர் ஒற்றுமை மட்டுமே.) 2020 சனவரியில் 42,000 புள்ளிகளில் நின்ற சென்செக்ஸ், மார்ச்சுத் திங்களில் 26,000-க்கும் கீழே வீழ்ந்தது. அவ்வாண்டு முடிவதற்குள்ளாகவே இழந்ததை மீட்டது. காத்திருக்க இயன்றவனுக்கு நட்டமில்லை. சூன் மாதம் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டியிருந்தவனோ, தாழ்ந்த விலைக்கு விற்றான். சந்தை இருவருக்கும் ஒன்றே. பணம் தேவைப்பட்ட நாள்தான் வேறு.

மகன் சொன்ன 'ஆப்ஷன்' முற்றிலும் வேறு வகை. 2024-இல் செபி வெளியிட்ட ஆய்வின்படி, முந்தைய மூன்று நிதியாண்டுகளில் முன்பேர வணிகத்தில் இறங்கிய தனியாள்களுள் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர்; அவர்கள் மொத்தமாக இழந்தது 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். இதைச் சொன்னபோது அந்த இளைஞன் தலைகுனிந்தான். ஏற்கெனவே கொஞ்சம் போயிருக்கிறது என்பது எனக்கு விளங்கியது. தந்தை கேட்கவில்லை, நானும் கிளறவில்லை.

வரும் ஆண்டில் கவனிக்கத்தக்கது எதுவெனில், வட்டி விகிதம் என்பேன். ரிசர்வ் வங்கி 2025-இல் மட்டும் ரெப்போ விகிதத்தை 6.5-லிருந்து 5.25 விழுக்காட்டுக்குக் குறைத்தது. இவ்வாறு குறையுங் காலத்தில் முதிர்வடையும் வைப்புத் தொகையைப் புதுப்பிப்போருக்கு வரவும் குறையும். வட்டியை நம்பி அடுப்பெரியும் முதியோர் இதனை முன்கூட்டியே எண்ணிப் பார்த்தல் நலம். அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில், பணம் போட்ட நாளில் உள்ள வட்டியே ஐந்தாண்டுக்கும் நிலைக்கும். வங்கி வைப்புக்கோ, ஒருவருக்கு ஒரு வங்கியில் வட்டியுஞ் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரைதான் காப்பீடு உண்டு. நிதி நிறுவனங்களுக்கும் நகைக்கடைச் சீட்டுக்கும் அக்காப்பீடு அறவே இல்லை. கூடுதல் வட்டி என்றதும் ஓடுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

எனவே நடத்துனரிடம் எது ஏறும் என்று நான் சொல்லவில்லை. எந்தப் பணம் எந்த மாதம் தேவை என்று ஒரு தாளில் எழுதச் சொன்னேன். திருமணச் செலவு ஆவணி வரை வங்கியில். எஞ்சியதில் பெரும்பகுதி அஞ்சலகத்தில். மகன் தன் சொந்தச் சம்பளத்திலிருந்து மாதம் 1,000 ரூபாயைப் பரஸ்பர நிதியில் போடட்டும். பத்தாண்டு தொடவேண்டாம் என்றேன். எத்தனை சவரன் என்பதில் மட்டும் கணவரும் மனைவியாரும் இன்னும் உடன்படவில்லை. அதில் நான் தலையிடவில்லை.