மருந்து மட்டும் போதுமா?

அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையை ‘வானம் பார்த்த பூமி’ என்று சொல்லிச் சொல்லியே நம் வாய் வலித்துவிட்டது. கண்மாயில் நீர் இல்லை, குண்டாறு மணலாய்க் கிடக்கிறது என்பதெல்லாம் ஊரறிந்த செய்தி. இன்று நாம் எழுத முற்படுவது நீரைப் பற்றியல்ல. இந்த மக்கள் சுவாசிக்கும் காற்றைப் பற்றி.

பயிர் பொய்த்த காட்டில் சீமைக் கருவேலம் தானே மண்டியது. ‘வேலிக்கருவை’ என்று நம்மவர்கள் அழைக்கும் அந்த முள்மரத்தை வெட்டி, அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, நாட்கணக்கில் புகையவிட்டுக் கரியாக்குவது திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பு. மூட்டம் பிரித்துக் கரி பொறுக்குவதிலும் மூட்டை பிடிப்பதிலும் பெண்கள் பங்கு பெரிது. அந்தப் பெண்ணே வீடு திரும்பி அதே கருவேல முள்ளை அடுப்பில் வைத்து ஊதுகிறாள். அருப்புக்கோட்டைக்கு வந்தாலோ நூற்பாலைகளும் தறிகளும். புளோரூமிலும் கார்டிங்கிலும் நிற்கும் தொழிலாளியின் தலைமுடியும் புருவமும் ஷிப்ட் முடியும்போது வெளுத்திருக்கும். வெளியே தெரிவது இவ்வளவு என்றால் உள்ளே போனது எவ்வளவு?

இளைப்பு, இழுப்பு, மூச்சிரைப்பு என்று ஊருக்கு ஒரு பெயர் சொல்லப்படும் ஆஸ்துமா நோய் கூலிக்காரனை முதலில் தாக்குவது அவன் உயிரை அல்ல. அவன் வேலை நாட்களை. இரவு முழுவதும் உட்கார்ந்தே விடியவைத்தவன் காலையில் எப்படி மண்வெட்டி பிடிப்பான்? இந்த மாதம் நான்கு நாள், அடுத்த மாதம் ஏழு நாள். பிறகு கடன். உயிருக்கு ஆபத்து அதற்கும் பிறகு வருகிறது. உலகில் ஆஸ்துமா உள்ளவர்களில் நம் நாட்டினர் 100க்கு 13 பேர் என்று 2019ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச் சுமைக் கணக்கு கூறியது. ஆனால் ஆஸ்துமாவால் மாண்டவர்களில் நம் நாட்டினர் 100க்கு 40 பேருக்கும் மேல்! நோயில் நம் பங்கு சிறியது, சாவில் நம் பங்கு பெரியது. இது என்ன கணக்கு என்று தோழர்கள் கேட்க வேண்டாமா?

மருந்து கண்டுபிடிக்கப்படவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. மூச்சுக்குழாயின் உட்சுவர் ஓயாமல் அழன்று வீங்கியிருப்பதுதான் இந்நோய். புகையோ தூசோ சளியோ சேர்ந்தால் குழாயைச் சுற்றிய தசை இறுகுகிறது; மூச்சு முட்டுகிறது. இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தச் சால்புட்டமால் இருக்கிறது. வீக்கத்தையே ஆற்றுவதற்குப் புடசனைடு போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலர் இருக்கிறது. இரண்டும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. முன்னதை மட்டும் அடித்துக்கொண்டு பின்னதை விட்டுவிடுவது, ஒழுகும் கூரைக்குக் கீழே பானை வைப்பது போல. ஓட்டை ஓட்டையாகவே இருக்கும். சால்புட்டமாலை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து என்று உலக ஆஸ்துமா வல்லுநர் குழு 2019இல் தன் வழிகாட்டுதலையே மாற்றியது. அந்தச் செய்தி திருச்சுழிச் சந்தைக்கு வந்து சேர்ந்ததா?

வரவில்லை, ஏனெனில் கொண்டுவர ஆள் இல்லை. மூச்சு முட்டினால் ஓர் ஊசி, கொஞ்ச நேரம் நெபுலைசர், கையில் ஒரு சீட்டு. “ரெண்டு தடவை அடிச்சுக்குங்க” என்பதோடு பாடம் முடிகிறது. இன்ஹேலரைக் குலுக்க வேண்டும், மூச்சை முழுக்க வெளியே விட வேண்டும், உதட்டை இறுக்கி மெதுவாக உள்ளே இழுக்கும்போதே அழுத்த வேண்டும், பத்து எண்ணும் வரை அடக்க வேண்டும், ஸ்டீராய்டு மருந்தானால் பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். இதை யார் சொன்னார்கள்? சொன்னாலும், நோயாளியைச் செய்து காட்டச் சொல்லிப் பார்த்தவர் யார்? கருவியில் போட்டு உறிஞ்ச வேண்டிய மாத்திரைக் குப்பியைத் தண்ணீர் ஊற்றி விழுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். படிக்காத பட்டிக்காட்டான் பிழை இது என்று சிரிக்கும் கனவான்களுக்கு ஒரு செய்தி: பல நாடுகளில் 40 ஆண்டுகளாக நடந்த ஆய்வுகளை 2016இல் தொகுத்துப் பார்த்தபோது, இன்ஹேலரைச் சரியாகப் பயன்படுத்தியவர் மூன்றில் ஒருவர்தான் என்று தெரிந்தது. ஆகவே இது படிப்பின் குறை அன்று. சொல்லிக் கொடுப்போர் இல்லாத குறை.

சொல்லிக் கொடுப்போர் இல்லாத இடத்தில் வேறு பேர்வழிகள் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். பம்பு பழகினால் விட முடியாது என்பார் ஒருவர். கல்யாணமாகாத பெண் பம்பு அடிப்பது வெளியே தெரியக் கூடாது என்பார் இன்னொருவர். ஐதராபாத்தில் ஜூன் மாதத்தில் உயிருள்ள விரால் குஞ்சின் வாயில் மருந்தை அடைத்து விழுங்கச் செய்வார்களே, அதற்குக் கடன் வாங்கி ரயில் ஏறுவோரும் உண்டு. காசு வாங்காமல்தான் கொடுக்கிறார்கள், மறுக்கவில்லை. இலவசமாகக் கிடைப்பதாலேயே மீன் மருந்தாகிவிடுமா? அந்தக் கூட்டத்தை ஏளனம் செய்வது எளிது. மூச்சுத் திணறுகிறவன் கிடைத்த கையைப் பற்றுவான். நாம் கை நீட்டினோமா என்பதே கேள்வி.

கை நீட்டும் வழி நமக்குப் புதிதும் அல்ல. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வை நினைவூட்டுகிறோம். சானடோரியத்தில் படுக்கை போட்டு, சத்துணவு கொடுத்துத்தான் காசத்தைக் குணப்படுத்த முடியும் என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. நகரத்து ஏழை நோயாளிகளுக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்து, சுகாதாரப் பணியாளர்கள் வாசலுக்குச் சென்று மாத்திரையை எண்ணிப் பார்த்து, குடும்பத்தாரிடம் பேசி நடத்திய சிகிச்சை ஏறக்குறைய அதே பலன் தந்தது என்று 1959இல் அந்த ஆய்வு உலகுக்கு அறிவித்தது. மருந்தோடு மனிதரும் சென்றதால் கிடைத்த வெற்றி அது.

ஆஸ்துமாவில் இதைப் பிற நாடுகள் செய்து காட்டிவிட்டன. பின்லாந்து 1994இல் பத்தாண்டுத் திட்டம் வகுத்தது. சுகாதார நிலையங்களில் இந்நோய்க்கென ஒரு மருத்துவரும் ஒரு செவிலியரும், மருந்துக் கடைகளில் ஒரு மருந்தாளுநரும் பொறுப்பேற்றுப் பயிற்சி பெற்றனர். முடிவில், ஆஸ்துமாக்காரர் மருத்துவமனையில் படுத்திருந்த நாட்கள் பாதிக்கும் கீழே இறங்கின. அமெரிக்காவில் 2002 முதல் ‘ஆஸ்துமா கல்வியாளர்’ என்று தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். செவிலியரும் மருந்தாளுநரும் மருத்துவரும் அதை எழுதுகிறார்கள். அந்நாட்டு மருத்துவ முறை பணக்காரனுக்குப் பந்தி, ஏழைக்குப் பட்டினி என்பதை நாம் அறிவோம். ஆனாலும் நல்ல ஏற்பாட்டை எவரிடமிருந்தும் கற்கலாம்.

தேர்வும் சான்றிதழும் எதற்கு என்று கேட்கலாம். ஒரு நாள் கூட்டம், ஒரு தேநீர், ஒரு புகைப்படம். இதையே ‘பயிற்சி’ என்று கணக்கெழுதும் பழக்கத்தை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். தானே இன்ஹேலரைப் பிழையின்றிச் செய்து காட்டத் தெரிகிறதா, நோயாளியின் பிழையைக் கண்டுபிடிக்கத் தெரிகிறதா, எழுத்தறியாதவருக்குப் பச்சை, மஞ்சள், சிவப்புத் தாளில் ‘இப்படி இருந்தால் இது செய், பேச மூச்சு வராவிட்டால் 108ஐ அழை’ என்று விளங்கவைக்கத் தெரிகிறதா என்று சோதித்த பிறகே சான்று தர வேண்டும். சான்று பெற்றவருக்கு அதற்கான நேரமும் ஊதியமும் வேண்டும். ஏற்கனவே பதிவேடுகளில் மூழ்கிக் கிடக்கும் கிராம சுகாதார செவிலியரின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றிவிட்டு ‘திட்டம் வந்தது’ என்று பறையடிப்பதை நாம் ஏற்க மாட்டோம்.

சர்க்கார் செய்ய முடியாத காரியமும் அன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோக வழி திறந்தது. தொற்றா நோய்த் திட்டத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதல் ஆஸ்துமாவையும் சேர்த்துக்கொண்டது. விருதுநகரில் 2022 ஜனவரியில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்கே இந்தப் படிப்பு நடக்கட்டும். ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு செவிலியர், ஒரு மருந்தாளுநர் சான்று பெற்று வரட்டும். ஈ.எஸ்.ஐ. மருந்தகங்களையும் விட்டுவிட வேண்டாம்.

ஈ.எஸ்.ஐ. என்றதும் ஆலைத் தோழர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. ‘தூசு இருக்கும் இடத்துக்குப் போகாதே’ என்பது ஆஸ்துமாப் பாடத்தின் முதல் வரி. கார்டிங் தொழிலாளி எங்கே போவான்? தூசை அடக்க வேண்டியது முதலாளியின் கடமை. அதைத் தொழிலாளியின் ‘கவனக் குறைவு’ ஆக்கிவிடும் கல்வி நமக்கு வேண்டாம். உண்மையான கல்வியாளர் ஊதுமானி என்ற சிறு கருவியைக் கையில் கொடுப்பார். வேலை நாளிலும் விடுமுறையிலும் அதில் ஊதி எண்ணைக் குறித்து வரச் சொல்வார். ஆலையில் இறங்கி, விடுமுறையில் ஏறும் எண்கள் மருத்துவரை விழிக்கச் செய்யும் ஆதாரம். வார விடுமுறை முடிந்த முதல் நாளில் நெஞ்சு இறுகுகிறதா? அது ஆஸ்துமா என்று எழுதி மூடிவிடக் கூடாத பருத்தித் தூசு நோயாக இருக்கலாம். தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அறிவித்தே ஆக வேண்டிய நோய்களுள் ஒன்றாக அது இடம்பெற்றிருந்தது. எத்தனை அறிவிப்புகள் போயின என்று சங்கங்கள் கேட்கட்டும்.

சர்க்கார் அசையும் வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இன்ஹேலரை அடிக்கவும் இழுக்கவும் ஒரே நேரத்தில் வராதவர்களுக்கு இடையில் ஒரு குடுவை வைத்தால் போதும். அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் அளவுக்குத் துளையிட்டு, இடைவெளியை அடைத்துச் செய்த குடுவை விலை கொடுத்து வாங்கும் குடுவைக்குக் குறைந்ததல்ல என்று 1999இல் தென்னாப்பிரிக்காவில் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு காட்டியது. அடுத்த கிளைக் கூட்டத்துக்கு விவரம் தெரிந்த ஒரு செவிலியரை அழையுங்கள். இளைப்புள்ள தோழர்கள் அவரவர் இன்ஹேலரோடு வரட்டும். மேலே சொன்ன கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுதி, மாவட்ட ஆட்சியருக்கும் சுகாதாரத் துறைக்கும் அன்றே அனுப்புங்கள். நகல் ஒன்று நமக்கும் வரட்டும், வெளியிடுகிறோம்.