இலகுவான காதல் கதைகளுக்கு ஒரு தொகை வேண்டும்

ஈழத்துத் தமிழ்ப் புனைகதையின் வரலாறு எழுதப்படும் போதெல்லாம் துயரமும் போராட்டமும் சாதிக் கொடுமையும் போரும் உரிய இடத்தைப் பெறுகின்றன. ஆனால் சிரித்த முகத்தோடு எழுதப்பட்ட காதல் கதைகள் ஓர் அடிக்குறிப்பாகக்கூட அங்கே இடம்பெறுவதில்லை. குறுநாவல் என்று இங்கு குறிக்கப்படுவது, சிறுகதையைவிட நீண்டு, நாவலுக்குரிய கிளைக்கதைகளைத் தவிர்த்து, ஒரே இழையைப் பிடித்துக்கொண்டு, ஓர் இருப்பில் படித்து முடிக்கக்கூடிய அளவில் அமையும் புனைகதை வடிவமாகும். அந்த வடிவில், சமகால வாழ்வில் இருவர் சந்தித்து, பிணங்கி, தடுமாறி, ஈற்றில் கைகோப்பதைக் கலகலப்பாகச் சொல்லும் கதைகள் தமிழில் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பெருந்தொகையாக எழுதப்பட்டுள்ளன. அவற்றுள் இலங்கையில் எழுதப்பட்டவற்றைத் தேர்ந்து, பதிப்புக் குறிப்புகளோடு ஒரு நூலாகத் தொகுக்க வேண்டும் என்பதே இத்தலையங்கத்தின் கோரிக்கை.

காதலையும் சிரிப்பையும் சேர்த்து நோக்குவது தமிழுக்குப் புதியதன்று. மனத்தில் எழும் உணர்வு உடலின் வழியே வெளிப்படுவதை மெய்ப்பாடு என்று அழைத்த தொல்காப்பியம், அத்தகைய மெய்ப்பாடுகள் எட்டினை வரிசைப்படுத்தும் போது நகையை முதலில் வைத்து உவகையை ஈற்றில் நிறுத்துகிறது. அழுகையும் அச்சமும் வெகுளியும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வருகின்றன. நகை பிறக்கும் நிலைக்களன்களுள் இளமையையும் பேதைமையையும், உவகை பிறக்கும் நிலைக்களன்களுள் விளையாட்டையும் அந்நூல் எண்ணுகிறது என்பதைக் கவனித்தால், இன்றைய கலகலப்பான காதல் கதைக்குரிய மூலப்பொருள்கள் அனைத்தும் அந்த இலக்கணத்திலேயே பெயரிடப்பட்டிருப்பது புலனாகும்.

இலக்கணம் வகுத்ததை இலக்கியம் எவ்வாறு நடத்திக் காட்டியது என்பதற்குக் கபிலர் பாடியதாகக் கொள்ளப்படும் குறிஞ்சிக்கலிப் பாடல் ஒன்றே போதும். சிறுவயதில் மணல்வீட்டைக் காலால் கலைத்தும் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியும் தொல்லை தந்த ஒருவன், வளர்ந்த பின் ஒரு நாள், தாயும் மகளும் வீட்டில் இருக்கும் வேளையில், தண்ணீர் கேட்டு வாசலில் வந்து நிற்கிறான். தாய் சொற்படி நீர் கொண்டு வந்தவளின் வளையணிந்த முன்கையை அவன் பற்றிவிட, அவள் திடுக்கிட்டு அம்மாவைக் கூவி அழைக்கிறாள். தாய் அலறிக்கொண்டு ஓடி வந்த கணத்தில், தண்ணீர் விக்கிக்கொண்டது என்று மகள் கதையை மாற்றிவிடுகிறாள். தாய் அவன் முதுகைத் தடவிக் கொடுக்க, அவனோ கடைக்கண்ணால் அவளைப் பார்த்துச் சிரிக்கிறான். இதில் வில்லன் இல்லை, மரணம் இல்லை, குலப்பகை இல்லை. ஒரு கிண்ணம் தண்ணீரும் ஒரு பொய்யும் மட்டுமே கதையை நடத்துகின்றன. அந்தப் பொய்யைச் சொல்லும் கணத்தில்தான் தான் அவனை விரும்புவதை அவளே அறிந்துகொள்கிறாள் என்பதும், தாயின் கை அவன் முதுகில் இருக்கும் போதே அந்த அறிதல் நிகழ்ந்துவிடுகிறது என்பதும் கூர்ந்து படிப்போருக்குத் தெரியும். இரண்டாயிரம் ஆண்டுக்கால நீட்சியில் இவ்வகைக் கதைக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி கிடைப்பது அரிது.

இப்பாடல் கைக்கு வந்து சேர்ந்தமைக்குக் காரணம் அது ஒரு தொகையில் இடம்பெற்றமையே. தொகை என்பது பலர் பாடிய தனிப்பாடல்களை ஓர் ஒழுங்கில் திரட்டிக் காப்பது. அந்த ஒழுங்கு சில வேளைகளில் வெறும் நீளமாகவே இருந்தது. நான்கு முதல் எட்டு அடி வரையிலான அகப்பாடல்கள் குறுந்தொகையாகவும், ஒன்பது முதல் பன்னிரண்டு அடி வரையிலானவை நற்றிணையாகவும், பதின்மூன்று முதல் முப்பத்தொரு அடி வரையிலானவை அகநானூறாகவும் தொகுக்கப்பட்டன. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ எனப்படுகிறார். அவரைப் பற்றி அறியப்படுவது ஏறத்தாழ அப்பெயர் ஒன்றே. தாமாகப் புகழ்பெறாத ஒருவர் செய்த அந்தத் தொகுப்புப் பணி இல்லையெனில் காதலைப் பாடிய நூற்றுக்கணக்கான புலவர்களின் குரல் ஓலையோடு மட்கியிருக்கும்.

இலங்கைக்கு வரும் போது, கொழும்பு வடக்கின் மட்டக்குளியிலிருந்து பேசுவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. 1930 ஆகஸ்ட் 6ஆம் திகதி தொடங்கிய வீரகேசரி நாளிதழ், மட்டக்குளிக்கு அண்டையிலுள்ள கிராண்ட்பாஸ் வீதியில் இருந்தே நெடுங்காலமாக வெளிவந்தது. 1970களின் முற்பகுதியில் தமிழகச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, அதுவரை கல்கி, ஆனந்த விகடன், குமுதம் ஆகியவற்றின் தொடர்கதைகளில் திளைத்திருந்த வாசகர்களுக்குத் திடீரென ஒரு வெற்றிடம் தோன்றியது. அந்த வெற்றிடத்தை நிரப்பியவற்றுள் அந்நாளிதழின் நூல் வெளியீட்டு வரிசையான வீரகேசரி பிரசுரம் தலையாயது. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’, அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ போன்ற நாவல்கள் அந்த வரிசையில்தான் வெளிவந்தன. முன்னையது 1978இல் திரைப்படமாகவும் ஆனது. இவ்விரண்டும் விமர்சகர்களின் கவனத்தைப் பெற்றன, பெறுவதற்குத் தகுதியும் உடையவை. ஆனால் அதே அச்சகத்தில், அதே ஆண்டுகளில், இளம் வாசகரை, குறிப்பாகப் பெண் வாசகரை எண்ணி அச்சான காதல் கதைகள், படித்து முடித்தவுடன் கைமாறி, மேலட்டை கிழிந்து, பழைய கடதாசிக் கடைக்குப் போய்ச் சேர்ந்தன. நாளிதழ்க் கடதாசியை ஒத்த தாளில் அச்சடித்து, கம்பி அடித்து, கைக்கு அடக்கமாக விற்ற அந்தப் புத்தகங்களின் முதுகில் பெயர் எழுதுவதற்குக்கூட இடம் இருக்கவில்லை. அலுமாரியில் அடுக்கி வைத்தாலும் எது எந்தக் கதை என்று அடையாளம் காண முடியாத பொருளாகவே அவை வாழ்ந்து மறைந்தன.

இந்தப் புறக்கணிப்புக்குக் காரணம் அலட்சியம் மட்டும் அன்று. அதற்குப் பின்னால் நேர்மையான ஒரு கொள்கையும் இருந்தது. 1954இல் உருவான இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கமும் அதனைச் சூழ்ந்த விமர்சன மரபும், எழுத்து இந்த மண்ணின் வாழ்வைப் பேச வேண்டும், ஒடுக்கப்பட்டோரின் பக்கம் நிற்க வேண்டும் என்று கோரின. தமிழகத்து வணிக இதழ்களின் நகலாக ஈழத்து எழுத்து சுருங்கிவிடக் கூடாது என்ற அந்த அச்சம் அக்காலத்தில் முற்றிலும் நியாயமானது. அக்கோரிக்கை இல்லாதிருந்தால் டொமினிக் ஜீவாவும் டானியலும் எழுதிய ஒடுக்கப்பட்டோரின் உலகம் அச்சேறியிருக்காது. எனினும், சென்னையின் நகலாக எழுதப்பட்ட காதல் கதையையும், கொட்டாஞ்சேனையின் ஒழுங்கைக்குள் நடக்கும் காதல் கதையையும் வேறுபடுத்திப் பார்க்காமல், ‘ஜனரஞ்சகம்’ என்ற ஒற்றைச் சொல்லால் இரண்டையும் மூடி வைத்தமை ஒரு பிழை. அவ்விமர்சனத்துக்குக் களமான சிற்றிதழ்களே அப்பிழையைச் செய்தன. எனவே அதைத் திருத்தும் கடமையும் சிற்றிதழ்களுக்கே உரியது.

பெண்களின் எழுத்தைப் பொறுத்தவரை இந்தப் பிழை இன்னும் கனமானது. இந்நாட்டுத் தமிழ்ப் பெண் ஒருவர் எழுதிய முதல் நாவலாகக் கொள்ளப்படும் மங்களநாயகம் தம்பையாவின் ‘நொறுங்குண்ட இருதயம்’ 1914இல் வெளிவந்தது. தலைப்பே அதன் உள்ளடக்கத்தைச் சொல்லிவிடும். அதன் பின் பல தலைமுறைகளுக்குப் பெண் எழுத்தாளரின் துயரத்துக்குக் கிடைத்த மதிப்பு அவரது சிரிப்புக்குக் கிடைக்கவில்லை. தமிழகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட காதல் நாவல்களை எழுதிய ரமணிசந்திரனுக்கும், அவருக்கு முன் வாசகியரின் மனத்தை வென்ற லக்ஷ்மிக்கும் இலங்கையில் இருந்த வாசகர் கூட்டம் பெரிது. 2008இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் தமிழ் வெகுசன எழுத்தை ஆங்கிலத்தில் ஒரு தொகுப்பாக வெளியிட்டபோது அதில் ரமணிசந்திரனும் இடம்பெற்றார். ஆங்கிலம் படிக்கும் அந்நியர் அவ்வகை எழுத்தை ஆர்வத்தோடு தொகுத்துப் படிக்கும் நிலை வந்த பின்னும், ஈழத்து எழுத்துக்கு அதற்கு ஈடான முயற்சி ஒன்று தமிழிலேயே இல்லாமை வருந்தத்தக்கது. இன்று இலங்கையை வேராகக் கொண்ட ரோசி கஜன், நிதனிபிரபு போன்றோர் காதல் நாவல்களைத் தொடர்ந்து எழுதுகின்றனர். அவர்களுக்கு முன்னோர் யார் என்று கேட்டால் எடுத்துக் காட்டுவதற்கு ஒரு நூல் இல்லை.

தொகுப்பதற்கு இவற்றில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு மொழியிலிருந்தே விடை சொல்லலாம். தமிழகப் பேச்சில் இருவர் நெருங்குவதைக் காட்ட ‘நீங்க’ என்பதிலிருந்து ‘நீ’ என்பதற்கு இறங்கும் ஒரே ஒரு படிதான் உண்டு. யாழ்ப்பாணப் பேச்சில் இவற்றுக்கு நடுவே ‘நீர்’ என்ற இன்னொரு படி இருக்கிறது. முழு மரியாதையும் இல்லாமல் முழு உரிமையும் எடுத்துக்கொள்ளாமல், சம வயதினர் ஒருவரை ஒருவர் நிறுத்திப் பார்க்கும் விளி அது. ‘இருங்கோ’ என்று கதிரையைக் காட்டியவள் பத்துப் பக்கம் கழித்து ‘இரும்’ என்று சொல்லும் போது, அங்கே எழுத்தாளர் வேறு எந்த வர்ணனையும் செய்ய வேண்டியதில்லை. கதை ஒரு படி நகர்ந்துவிட்டது. கோபம் வந்து மறுபடியும் ‘நீங்கள்’ என்று தள்ளி நிற்பதும், அந்த ‘நீங்கள்’ கேட்டு அவன் முகம் வாடுவதும், கலகலப்பான காதல் கதைக்கென்றே அளந்து செய்த கருவிகள் போலிருக்கின்றன. முடிவில் திருமணமான பின் அதே பெண் ‘இஞ்சருங்கோ’ என்று அழைக்கத் தொடங்கினால், வாசகருக்கு வரும் புன்னகையை எந்த மொழிபெயர்ப்பாலும் கொண்டுவர இயலாது.

கொழும்பு இதனோடு இன்னொரு வளத்தையும் சேர்க்கிறது. மட்டக்குளியில் புறப்பட்டு நகரின் நடுவே ஊடுருவிக் காலி வீதிக்கு இறங்கி வெள்ளவத்தையைக் கடந்து செல்லும் 155ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால், ஒரே இருக்கை வரிசையில் ‘பேந்து’ என்பவரும் ‘மறுகா’ என்பவரும் ‘அப்புறம்’ என்பவரும் அமர்ந்திருப்பர்; முதலாமவர் யாழ்ப்பாணம், இரண்டாமவர் மட்டக்களப்பு, மூன்றாமவர் மலையகம், மூவரும் சொல்வது ஒன்றையே. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை போகும் குடும்பத்துப் பெண்ணும், பொன்னம்பலவாணேசர் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை போகும் குடும்பத்துப் பையனும், களனி கங்கை கடலோடு கலக்கும் காக்கைத்தீவுக் கரையில் மாலையில் சந்தித்துக்கொண்டால், அங்கே தடையாக நிற்பது வாளேந்திய பகைவர் அல்லர். சமயம் பற்றிய பெரியோரின் தயக்கம், ஊர் விசாரிக்கும் அன்ரிமார், சீதனக் கணக்கு, வெளிநாட்டிலிருந்து வந்த சம்பந்தம் ஆகியவையே. இவற்றுள் எதுவும் சிறிய தடை அன்று. ஆனால் அத்தனையையும் பேச்சாலும் பொறுமையாலும் கடக்கலாம் என்று நம்புவதே இந்த வகைக் கதையின் அடிப்படை.

அந்த நம்பிக்கையை மலிவானது என்று ஒதுக்குவோர் உளர். 1983 ஜூலையில் எரிந்த வெள்ளவத்தையையும், 2009 மே வரை நீண்ட போரையும், 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை தேவாலயத்தில் சிந்திய இரத்தத்தையும் கண்ட மக்களிடம் சிரிக்கும் காதல் கதையை நீட்டுவது பொறுப்பின்மை என்பது அவர்களின் வாதம். இவ்வாதம் வாசகரை அறியாமல் சொல்லப்படுவது. வீட்டை விட்டுப் பெயர்ந்து நகரத்து அறை ஒன்றில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்த குடும்பங்களில், தாயும் மகளும் மாறி மாறிப் படித்தது இத்தகைய புத்தகங்களையே. மணமுடித்து ஒரு வீட்டில் இரண்டு பேர் அச்சமின்றி விளக்கணைத்து உறங்குவது என்ற சாதாரண முடிவு, அத்தகைய வாசகருக்குச் சாதாரணமாக இருக்கவில்லை. இன்பமாக முடியும் கதையைத் துன்பத்தை அறியாதவர்கள்தான் விரும்புவர் என்று கருதுவது பெரும் தவறு.

அதே வேளை, தொகுப்பு என்பது கிடைத்த எல்லாவற்றையும் மூட்டை கட்டுவதும் அன்று. பெண்ணை அறைந்து அடக்குபவனை நாயகனாக்கும் கதைகள் இவ்வகையில் ஏராளம். கோபக்காரப் பணக்காரனிடம் அடங்கிப் போவதே காதல் என்று கற்பிக்கும் அவற்றைக் கலகலப்பானவை என்று அழைக்க முடியாது, அவற்றுக்குத் தொகுப்பில் இடம் தரவும் கூடாது. தமிழக எழுத்தாளர் தேவனின் ‘கோமதியின் காதலன்’ இன்றும் சிரிக்க வைப்பது, அதில் இருவரும் சம அளவு அசடுகளாக இருப்பதால்தான். தேர்வுக்கு அதுவே நல்ல அளவுகோல்: சிரிப்பு யாரைத் தாழ்த்தி வருகிறது என்று பார்க்க வேண்டும்.

இப்பணியைத் தொடங்குவதற்கான ஆதாரங்கள் முற்றாக அழிந்துவிடவில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் வீரகேசரி பிரசுரங்கள் பலவற்றின் பக்கங்கள் பாதுகாக்கப்பட்டுள்ளன. 1942இல் தொடங்கி, இன்று வெள்ளவத்தையில் இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்தில் பழைய சேகரிப்பு உண்டு. இவை போதாத இடத்தில் தனியார் வீடுகளே மிச்சம். மட்டக்குளியிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழும் வாசகர்கள், அம்மாவின் அலுமாரியின் அடித்தட்டிலும் பரணிலும் கிடக்கும் பழைய காதல் கதைப் புத்தகங்களை, மேலட்டை இல்லாவிட்டாலும் கடைசிப் பக்கம் கிழிந்திருந்தாலும், கடதாசிக்காரனிடம் நிறுத்துப் போடுவதற்கு முன் ஒரு முறை இவ்விதழுக்குத் தெரியப்படுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். பிரதி எடுத்த பின் புத்தகம் உரியவரிடமே திருப்பித் தரப்படும்.