அது பஞ்சமல்ல, கண்ட்ரோல்

2023 ஜூன் 15 அன்று போடிநாயக்கனூருக்கு ரயில் வந்தது. அகலப் பாதையாக்குகிறோம் என்று 2010 கடைசியில் நிறுத்திய வண்டி, பன்னிரண்டரை வருடம் கழித்து வந்தது. ஸ்டேஷனில் மேளம், மாலை, கட்சிக்கொடி. எல்லார் கையிலும் போன். நானும் பண்ணைப்புரத்திலிருந்து மாமா பையனோடு பைக்கில் போய் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், வயது தொண்ணூறு இருக்கும், யாரைப் பார்த்தும் என்றில்லாமல் சொன்னார்: "இதோட மூணாவது தடவ வருது. ஒருக்கா வெள்ளக்காரன் கழட்டிட்டுப் போனான்ல."

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்ஜின் ஃப்ரேமுக்குள் வந்துகொண்டிருந்தது.

அவர் சொன்னது உண்மை. மதுரை–போடி பாதை 1928-இல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரின் நடுவே தண்டவாளத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். போருக்கு இரும்பு வேண்டியிருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1950-களில்தான் திரும்பப் போட்டார்கள். கேரளத்தில் சொரனூர்–நிலம்பூர் பாதைக்கும் இதே கதி நடந்தது. ஆனால் அன்றைக்கு நான் பார்த்த அத்தனை போஸ்ட்களிலும் பன்னிரண்டு வருஷக் காத்திருப்பு மட்டும்தான் இருந்தது. ஒரு பள்ளத்தாக்கின் முதுகெலும்பை உருவிக்கொண்டு போன கதை ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. எனக்கும் இல்லை, அதனால் அடுத்தவரைக் குறைசொல்லும் தகுதி எனக்குக் கொஞ்சம் கம்மிதான். இருந்தாலும் சொல்கிறேன்.

தமிழ் இலக்கிய வாசகர்களிடம் இரண்டாம் உலகப்போர் என்று சொல்லிப் பாருங்கள். நேதாஜி வருவார், பர்மா நடைபயணம் வரும், சயாம் மரண ரயில் வரும். கொஞ்சம் படித்தவராக இருந்தால் ப. சிங்காரம் வருவார். மதுரையில் அறை எடுத்துத் தங்கி, தினத்தந்தியில் வேலை பார்த்த மனிதர் எழுதிய 'புயலிலே ஒரு தோணி' மெடானிலும் பினாங்கிலும் நடக்கிறது. அது அவர் வாழ்ந்த வாழ்க்கை, அவர் எழுதினார். குறை அவர்மேல் இல்லை. அதைப் படித்துவிட்டு, போர் என்பது கப்பலேறிப் போனவர்களுக்கு நடந்தது, ஊரில் இருந்தவர்கள் சும்மா இருந்தார்கள் என்று முடிவுகட்டிக்கொண்ட நம்மேல்தான் குறை. குண்டு விழுந்தால்தான் போர், துப்பாக்கி தூக்கினால்தான் வரலாறு. வீட்டில் அரிசி இல்லாமல் இருந்தது, ரெண்டு பெண்பிள்ளைகளுக்கு ஒரு பாவாடை என்று முறைவைத்துக் கட்டியது, இதெல்லாம் நமக்குக் 'கஷ்டகாலம்'. பொத்தாம்பொதுவாக ஒரு சொல்.

பண்ணைப்புரம் என்றாலே இளையராஜா. எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் அவர் வீடு எது, எந்தத் தெரு என்று கேட்கிறார்கள். கேட்கட்டும், எனக்கும் பெருமைதான். 1943 ஜூன், பண்ணைப்புரம் என்று அவரைப் பற்றிய எல்லாக் கட்டுரையும் தொடங்கும். அந்த 1943 ஜூன் என்ன மாதிரியான மாதம் என்று ஒரு கட்டுரையாவது ஒரு வரி எழுதியிருக்கிறதா? நான் படித்தவரை இல்லை. ரங்கூன் விழுந்து பதினைந்து மாதம் ஆகியிருந்தது. சென்னை மாகாணம் நம்பியிருந்த பர்மா அரிசி நின்றுபோயிருந்தது. வங்கத்தில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். மில்கள் ராணுவத்துக்குத் துணி கொடுத்துக்கொண்டிருக்க, கடையில் துணி கிடைக்காமல் விலை ஏறிக் கிடந்தது. அந்த ஜூன் மாதம்தான் பருத்தித் துணிக்கும் நூலுக்கும் அரசாங்கம் கட்டுப்பாட்டு ஆணை போட்டது. நம் கிழவிகள் 'கண்ட்ரோல்' என்று சொன்னார்களே, கண்ட்ரோல் துணி, கண்ட்ரோல் அரிசி, கண்ட்ரோல் கடை, அதெல்லாம் இந்தக் காலத்துச் சொற்கள். ஒரு கலைஞனின் பிறப்பைத் தெய்வ சங்கல்பம் என்று எழுதத் தெரிந்த நமக்கு, அவர் பிறந்த மாதத்தில் அந்தத் தெருவில் ஒரு பிள்ளைக்குச் சுற்ற எந்தத் துணி கிடைத்திருக்கும் என்று யோசிக்கத் தெரியவில்லை.

எங்கள் அம்மாச்சி 2016-இல் இறந்தார். போர் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. "கண்ட்ரோலு காலத்துல" என்பார். அவருடைய அண்ணன் மதுரை மில்லுக்கு வேலைக்குப் போனது எப்போ என்று கேட்டால், "தண்டவாளம் கழட்டுன வருசம்" என்பார். நான் இதை ஏதோ கிராமத்துப் பேச்சுவழக்கு என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன். ஐ.டி. கம்பெனியில் ஒரு சர்வர் ரெண்டு நிமிஷம் விழுந்தால், எத்தனை மணிக்கு, எதனால், யார் செய்த மாற்றத்தால் என்று லாகைத் தோண்டி ராத்திரி முழுக்க உட்காருகிறவன் நான். வீட்டுத் திண்ணையில் எழுபது வருஷ லாக் உட்கார்ந்து வெத்தலை இடித்துக்கொண்டிருந்தது. நான் ஹெட்போன் மாட்டியிருந்தேன்.

அவர் சொன்னதைத் துண்டு துண்டாகச் சேர்த்துப் பார்க்கிறேன். கம்பத்துப் பக்கம் நெல் விளைந்தது, ஆனால் வீட்டில் கம்பும் சோளமும்தான். "நெல்லு வெளஞ்சுச்சுய்யா. வெளஞ்சது எங்க போச்சுன்னுதான் தெரியல" என்பார். மண்ணெண்ணெய் கிடையாது, பொழுது சாய்ந்தால் படுக்கைதான். துணிக்கு விடியுமுன் போய்க் கடைவாசலில் நிற்கவேண்டும். பஸ் கரியில் ஓடியது. இந்தக் கடைசி விஷயத்தைச் சின்ன வயதில் நான் நம்பவே இல்லை. பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும் மதுரையில் டி.வி.எஸ். கம்பெனி கரிவாயு பிளாண்ட் செய்து வண்டிகளை ஓட்டியது என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. யோசித்துப் பாருங்கள், பெட்ரோல் இல்லாத அதே காலத்தில்தான் ரயிலையும் பிடுங்கினார்கள். பள்ளத்தாக்குக்கு மிஞ்சியது மாட்டுவண்டியும் கரி பஸ்ஸும்.

மதுரைக்கு இதன் இன்னொரு பக்கம் தெரிந்தது. ஹார்வி சகோதரர்கள் ஆரம்பித்து 1892-இல் ஓடத்தொடங்கிய மதுரா மில் அதற்குள் பெரிய ஆலையாகிவிட்டது. மற்ற மில்களும் வந்திருந்தன. போர் என்றால் மில்களுக்கு அறுவடை. இந்தியாவெங்கும் ஆலைகள் இரவும் பகலும் ஓடிய காலம் அது, லாபமும் அப்படித்தான். இன்னொரு பக்கம் கைத்தறி நெசவாளிக்கு நூல் இல்லை. ஆலைச்சங்கு ஊதும் ஊரில் தறி சும்மா நிற்கிறது. இதைப் பஞ்சம் என்று சொல்ல எப்படி மனசு வருகிறது நமக்கு?

என் சண்டை இந்தச் சொல்லோடுதான். பஞ்சம் என்றால் வானம் பொய்த்தது, யாரும் பொறுப்பில்லை. தாது வருஷத்துப் பஞ்சத்தைக்கூட அப்படிச் சொல்லக்கூடாது என்று வாதாடலாம். அது தனிக்கட்டுரை. 1940-களில் நடந்ததை மழையின் தலையில் கட்டவே முடியாது. தண்டவாளத்தைக் கழற்று என்று ஒருவன் கையெழுத்துப் போட்டான். துணியில் முதல் பங்கு ராணுவத்துக்கு என்று ஒருவன் தீர்மானித்தான். படிக்காத ஜனங்கள் இதற்குச் சரியான பெயர் வைத்தார்கள்: கண்ட்ரோல். யாரோ ஒருத்தன் மேலே உட்கார்ந்து பிடியை வைத்திருக்கிறான் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. படித்த நாம் அதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பஞ்சம், வறுமை, கஷ்டகாலம் என்று மாற்றிக்கொண்டோம். இன்னும் ஒரு படி மேலே போய், "அந்தக் காலத்துல கம்பு, கேப்பைனு ஆரோக்கியமா சாப்பிட்டாங்க" என்று சிறுதானியப் பாக்கெட்டில் அச்சடித்து விற்கிறோம். எங்கள் அம்மாச்சிக்குக் கம்பங்கூழ் ஆரோக்கியம் இல்லை. கடைசிவரை நெல்லுச்சோறு கண்டால்தான் அவருக்குச் சாப்பிட்ட மாதிரி.

ஊருக்கு மேற்கே நிற்கும் மலைக்கும் இதில் பங்குண்டு. பர்மா அரிசி நின்றதும் திருவிதாங்கூர் அரசு உணவு விளைச்சலுக்கென்று காட்டு நிலங்களைத் திறந்துவிட்டது. இடுக்கிப் பக்கம் குடியேற்றத்தில் ஒரு பெரிய அலை அப்படித்தான் கிளம்பியது. முல்லைப் பெரியாறு என்று எழுதினாலே கச்சைகட்டிக்கொண்டு வரும் நம் ஆட்கள் எவரும் இந்த அரிசிக் கணக்கைப் பேசி நான் பார்த்ததில்லை.

இதற்கு ஒரு பதில் வரும், தெரியும். வங்கத்தில் முப்பது லட்சம் பேர் செத்தார்கள், சயாம் காட்டில் தமிழன் கொத்துக்கொத்தாக விழுந்தான், அதன் முன்னால் உங்க ஊர்ப் பாவாடைக் கதையெல்லாம் ஒரு கதையா? ஒரு நண்பர் என்னிடம் நேராகவே கேட்டார். சாவை எண்ணிப்பார்த்து ஞாபகத்துக்கு டோக்கன் கொடுக்கிற வேலை நமக்கு எதற்கு என்றேன். அங்கே கொன்ற நிர்வாகமும் இங்கே வெறுமனே பட்டினி போட்ட நிர்வாகமும் ஒன்றுதான். அது எப்படி வேலை செய்தது என்று பார்க்க, ஆள் உயிரோடு மிஞ்சிய இடம்தான் வசதி. மிஞ்சியவர்கள் பேசுவார்கள். பேசியிருப்பார்கள், நாம் கேட்டிருந்தால்.

கேட்காமல் விட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எல்லாரும் நஷ்டப்படவில்லை. எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஆனால் இதை விட்டால் மேலே எழுதியதெல்லாம் பாதிப் பொய். மில்லுக்குப் போன அந்தத் தாத்தா மாசாமாசம் பணம் அனுப்பினார். காட்டுவேலைக் கூலியில் கனவுகூடக் காணமுடியாத பணம். அதில்தான் எங்கள் அம்மா வழிக் குடும்பம் முதன்முதலாக ஒரு குறுக்கம் நிலம் வாங்கியது. என் அம்மா படித்தது, நான் இன்ஜினியரிங் படித்தது, எல்லாவற்றுக்கும் அடியில் அந்த நிலம் இருக்கிறது. தங்கச்சிக்குக் கட்டப் பாவாடை இல்லாத வருஷத்தில், ராத்திரி ஷிப்டில் நூல் ஓட்டிச் சம்பாதித்த காசு அது. நண்பரிடம் வாதாடியபோது இதை நான் சொல்லவில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மாமாவிடம் அந்தப் பத்திரத்தைக் கேட்டேன். "அதெதுக்குடா இப்ப? நெலத்த விக்கப் போறமா?" என்றார். பார்க்கத்தான் மாமா என்றேன். சந்தேகமாகவே பீரோவைத் திறந்தார். பிளாஸ்டிக் கவருக்குள் நான்காக மடித்த தாள், மடிப்பெல்லாம் கிழிந்து ஒட்டுப்போட்டிருந்தது. வருஷம் 1945. வாங்கினவர் பெயர் தாத்தாவுடையது. விற்றவர் பெயருக்கு நேரே கைநாட்டு. பக்கத்து ஊர்க்காரர். அவர் அந்த வருஷம் நிலத்தை ஏன் விற்றார் என்று மாமாவிடம் கேட்டேன்.

"கண்ட்ரோல் காலம்ல," என்று சொல்லிவிட்டுப் பத்திரத்தை வாங்கி உள்ளே வைத்தார்.

அந்த வீட்டுக்காரர்கள் இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். இன்னும் போகவில்லை நான்.