ஸ்கேனர் பழுதில்லை, கரை மாறவில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. கொம்பியூட்டர் விஷயம்தானே என்று தாண்டிப் போய்விடாதீர்கள். உங்கள் பணமும் நம் ஊரின் பழைய பதிவேடுகளும் இதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன.

எங்கள் பாடசாலை அலுமாரியில் பழைய சேர்விடாப்புகள் இருக்கின்றன. 2004 சுனாமியில் வீட்டோடு பத்திரங்களை இழந்தவர்கள், 2006இல் மூதூரிலிருந்து கையில் கிடைத்ததை மட்டும் எடுத்துக்கொண்டு கந்தளாய்ப் பக்கம் ஓடியவர்கள் என்று பலர் இன்றும் வருகிறார்கள். பிறந்த திகதி, தகப்பன் பெயர், எந்த வகுப்புவரை படித்தது என்று ஏதாவது ஓர் அத்தாட்சி அவர்களுக்குத் தேவை. போன மாதம் வந்த வயதான உம்மா ஒருவர், "தம்பி, என்ட பேரு இதுல இருக்கும், வாப்பாதான் கொண்டுவந்து சேர்த்தார்" என்றார். பெயர் இருந்தது. ஆனால் தாளைப் புரட்டும்போது ஓரம் பொடியாகக் கையில் உதிர்ந்தது. இன்னும் பத்துத் தடவை புரட்டினால் அந்தப் பக்கம் இருக்காது.

அதனால் எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து வைப்பதென்று தீர்மானித்தோம். இடாப்பை விரித்து வைக்கக்கூடிய பெரிய ஸ்கேனர் ஒன்று முன்பு நன்கொடையாகக் கிடைத்தது. அது விண்டோஸ் 7 இருந்த பழைய கொம்பியூட்டரில் வேலை செய்தது. அந்தக் கொம்பியூட்டர் ஒரேயடியாகப் போய்விட்டது. ஆய்வுகூடத்தின் மற்றக் கொம்பியூட்டர்களில் இப்போது இருப்பது லினக்ஸ். காரணம் உங்களுக்குத் தெரியும்: விண்டோஸ் 10க்கான வழமையான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறைப் புரோசசரும் எங்கள் இயந்திரங்களில் இல்லை.

லினக்ஸில் ஸ்கேனரைச் செருகினோம், அசையவில்லை. உடனே முடிவு சொல்லப்பட்டது: "ஸ்கேனர் பழுது." புதியதுக்குக் கொட்டேஷனும் எடுத்தாயிற்று. ஓர் ஆசிரியரின் பல மாதச் சம்பளம். அதைத் தரப்போவது பெற்றோரும் பழைய மாணவர்களும்தான்.

என் கருத்து இதுதான்: பொருள் எந்த இடத்தில் நின்றுவிட்டது என்று பார்க்காமல் "பழுது" என்று தீர்ப்பு எழுத நமக்கு உரிமை இல்லை. அதுவும் ஊர்ப் பணத்தில் அந்தத் தீர்ப்பை எழுதக் கூடாது.

அந்த ஸ்கேனரை லினக்ஸ் நேரடியாக ஏற்குமா என்றுதான் முதலில் பார்த்தோம். ஆதரவுள்ள கருவிகளின் பட்டியலில் அது இல்லை. அடுத்த வழி மெய்நிகர் கணினி. ஒரு லினக்ஸ் இயந்திரத்துக்குள் இன்னொரு கணினியை மென்பொருளாலேயே உருவாக்கி, அதற்குள் பழைய விண்டோஸ் 7ஐ ஓட்டுவது. இதற்கு வேண்டிய கே.வி.எம் என்ற பகுதி 2007 முதல் லினக்ஸின் கருவுக்குள்ளேயே இருக்கிறது. தனியாகக் காசு இல்லை. வெளியே செருகியுள்ள ஸ்கேனரை உள்ளே இருக்கும் விண்டோஸுக்குக் கையளிப்பதுதான் இதில் சிக்கலான வேலை.

2009இல் பாலம் திறக்கும் முன் கிண்ணியாவுக்குப் பாதையில் போய் வந்தவர்களுக்கு இது இலேசாக விளங்கும். லொறி இந்தக் கரையில் நிற்கலாம், பாதையில் நிற்கலாம், அந்தக் கரையில் நிற்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு கரையிலும் நிற்காது. கருவியும் அப்படித்தான். லினக்ஸ் பிடித்திருந்தால் விண்டோஸுக்குக் கிடைக்காது, விண்டோஸ் வாங்கிக்கொண்டால் லினக்ஸுக்கு இல்லை. சாமான் வந்து சேரவில்லை என்றால் லொறியே பழுது என்று சொல்வோமா? எந்தக் கரையில் நிற்கிறது என்றல்லவா கேட்போம்?

உயர்தரப் பிள்ளைகள் இருவரும் நானும் நான்கு பின்னேரங்கள் அதைத்தான் கேட்டோம்.

முதலாவது, இந்தக் கரை. கருவியை லினக்ஸ் காண்கிறதா? செருகிய யூ.எஸ்.பி கருவிகளைப் பட்டியலிடும் ஒரு வரிக் கட்டளை இருக்கிறது. ஸ்கேனர் அதில் வந்தது, தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும் சேர்த்து. அந்த ஒரு வரியோடு "ஸ்கேனர் செத்துவிட்டது" என்ற கதை பெரும்பாலும் முடிந்தது. பட்டியலில் வராவிட்டால் கேபிளையும் போர்ட்டையும் மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். அந்த நிலையில் மெய்நிகர் கணினியைக் குறை சொல்வதில் பயனில்லை.

இரண்டாவது, பாதை. மெய்நிகர் கணினி மிக மெதுவாக ஊர்ந்தது. புரோசசரில் இதற்கான வசதி இருந்தும் பயோஸில் அது அணைக்கப்பட்டிருந்தது. அதைத் திறந்தபின் வேகம் வந்தது. அடுத்த நாள் மெய்நிகர் கணினி தொடங்கவே மறுத்தது. யூ.எஸ்.பி கருவியைக் காணவில்லை என்று பிழைச்செய்தி. யாரோ ஸ்கேனரின் வயரைக் கழற்றி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். செய்தியை வாசிக்காமல் மூடியிருந்தால் இன்னொரு நாள் வீணாகியிருக்கும். இன்னொன்றும் கற்றோம். கருவியைச் செருகிய இட எண்ணால் குறித்தால், கழற்றிச் செருகும்போது அந்த எண் மாறிவிடும். தயாரிப்பாளர் எண்ணாலும் பொருள் எண்ணாலும் குறித்தால் மாறாது.

மூன்றாவது, அந்தக் கரை. லினக்ஸ் கையளித்துவிட்டது, விண்டோஸில் ஸ்கேனரின் பெயரே இல்லை. இரண்டு பின்னேரம் இதிலேயே போனது. டிரைவரை மூன்று தடவை போட்டோம். கடைசியில் ஒரு பிள்ளை, "சேர், ஸ்கேனருக்கு மஞ்சள் அடையாளம் இல்லை, யூ.எஸ்.பி கன்ட்ரோலருக்குத்தான் இருக்கு" என்றாள். விடை அதுதான். புதிய மெய்நிகர் கணினிக்கு யூ.எஸ்.பி 3 கன்ட்ரோலர் தானாகப் பொருத்தப்பட்டிருந்தது. விண்டோஸ் 7 வெளிவரும்போது யூ.எஸ்.பி 3க்கான டிரைவர் அதற்குள் இருக்கவில்லை. லொறி இறங்க அந்தக் கரையில் துறையே இல்லை! அமைப்பில் யூ.எஸ்.பி 2 என்று மாற்றினோம். ஸ்கேனர் சத்தம் போட்டுக்கொண்டு எழும்பியது. முதலில் ஸ்கேன் செய்தது அந்த உம்மாவின் பக்கத்தைத்தான்.

வீட்டில் முயற்சி செய்கிறவர்களுக்கு இரண்டு குறிப்பு. வேர்ச்சுவல் பொக்ஸ் பாவிப்பவர்களுக்கு யூ.எஸ்.பி பட்டியல் வெறுமையாக வந்தால், உங்கள் பயனர் பெயர் அதற்குரிய குழுவில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சேர்த்தபின் வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். பிரின்டர் "பிஸி" என்று வந்தால், லினக்ஸின் அச்சுச் சேவை அதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். முதலில் அதை விடச் சொல்லுங்கள்.

கிராஃபிக்ஸ் கார்ட்டை உள்ளே கொடுக்கலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கொடுக்கலாம், ஆனால் அது வேறு பாடம். இன்டெலில் வி.டி-எக்ஸ் இருந்தால் மெய்நிகர் கணினி ஓடும். கார்ட்டைக் கையளிக்க வி.டி-டி என்ற இன்னொன்றும் வேண்டும். ஒரே குழுவில் உள்ள கார்ட்டுகளில் ஒன்றை மட்டும் உள்ளே அனுப்பி மற்றதை லினக்ஸ் பாவிக்க முடியாது. இதற்கும் ஓர் உலகக் கதை உண்டு. என்விடியாவின் ஜிஃபோர்ஸ் கார்ட்டுகள் மெய்நிகர் கணினிக்குள் "பிழை 43" காட்டி நின்றுவிடும். கார்ட் பழுது என்று நினைத்தவர்கள் பலர். உண்மையில், மெய்நிகர் கணினி என்று தெரிந்ததும் டிரைவரே வேலை செய்ய மறுத்தது. 2021இல் அந்த நிறுவனமே கதவைத் திறந்துவிட்டது. அங்கும் பொருள் பழுதில்லை.

தேநீர்க் கடையில் ஒரு நானா கேட்டார்: "சேர், நாலு நாள் மெனக்கெட்டதுக்குப் புதுசா ஒன்டு வாங்கியிருந்தா முடிஞ்சிதானே?" நியாயமான கேள்வி. நான்கு பின்னேரமும் இலவசமல்ல. என் வீட்டாரிடம் கேட்டால் தெரியும். ஆனால் 2022ஐ மறந்துவிட்டோமா? சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தாண்டியது. பரீட்சைத் தாள் அச்சடிக்கவே கடதாசி தட்டுப்பட்ட காலம் அது. வாங்கினால் முடிந்தது என்ற வழி அன்று அடைபட்டது. மீண்டும் அடைபடாது என்று யார் உத்தரவாதம் தருவார்? அந்த நான்கு நாளில் இரண்டு பிள்ளைகள் கற்றது கடந்தகால வினாத்தாளில் இல்லாதது. அடுத்த கருவிக்கு நான்கு நாள் தேவைப்படாது.

எல்லாவற்றையும் காப்பாற்றலாம் என்று நான் சொல்லவில்லை. முதல் கரையிலேயே காணாத கருவி சில வேளை உண்மையிலேயே போனதுதான். விண்டோஸ் 7க்குப் பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. அதனால் உள்ளே ஓடும் அந்த விண்டோஸுக்கு இன்டர்நெட் தொடர்பைத் துண்டித்து வைத்திருக்கிறோம். படங்களை மட்டும் பென்டிரைவில் வெளியே எடுக்கிறோம். இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் புதியது வாங்குவதே மேல்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடமும் பழைய மாணவர்களிடமும் இரண்டு விஷயம் கேட்கிறேன். ஒன்று, எந்தக் கருவியையும் பழுது என்று கழிப்பதற்கு முன் ஒரு பக்கக் குறிப்பு கட்டாயம் வேண்டும்: எந்தக் கரையில் நின்றது, என்ன பிழைச்செய்தி வந்தது, என்ன மாற்றிப் பார்த்தோம். அந்தத் தாள் இல்லாத கொட்டேஷனுக்குக் கையொப்பம் வைக்காதீர்கள். இரண்டு, அந்தத் தாளை எழுதும் வேலையை ஆசிரியரின் மேற்பார்வையில் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுது, பிறகு அடுத்ததுக்குப் போ. இந்தப் பழக்கம் கொம்பியூட்டருக்கு மட்டுமல்ல, போட் எஞ்சினுக்கும் உதவும்.

ஸ்கேனருக்கென்று ஒதுக்க இருந்த பணத்தில் இடாப்புகளைப் பூச்சியும் ஈரமும் அண்டாமல் வைக்க நல்ல இரும்பு அலுமாரி ஒன்று வாங்கலாம் என்பது என் யோசனை. முடிவு உங்களுடையது.

சனிக்கிழமை பின்னேரங்களில் ஆய்வுகூடம் திறந்திருக்கும். வீட்டில் "பழுது" என்று மூலையில் போட்ட பிரின்டர், ஸ்கேனர் இருந்தால் கொண்டு வாருங்கள், பிள்ளைகள் பார்ப்பார்கள். குப்பைக்குத்தான் போக வேண்டும் என்றால் அதையும் காரணத்தோடு சொல்வார்கள்.