தீயிட்ட தட்டையின் கணக்கு

வெள்ளாமை வீடு வந்து சேர்ந்தபின், கோவில்பட்டி, விளாத்திகுளம் வட்டாரக் கரிசற்காடுகளில் மக்காச்சோளத் தட்டைக்கும் பருத்திமாருக்கும் ஆங்காங்கே தீ வைக்கப்படுகிறது. சங்கங்களைத் தணிக்கை செய்யச் செல்லுங்கால் இப்புகையை நாம் பன்முறை கண்டிருக்கிறோம். "எழுந்த கரியமிலவாயு மறுபடி பயிருக்குத்தானே போகிறது? நஷ்டம் யாருக்கு?" என்று அங்கத்தினர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வியே, ஆயினும் பேரேட்டின் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்த கேள்வி.

புகைக்குக் கணக்கு எடுப்பது எங்ஙனம்? எழும் புகையைக் கலத்தில் பிடித்து, கரியமிலவாயு ஒரு பங்குக்கு ஏனைய வாயுக்கள் எத்தனை பங்கு என்று விகிதம் காண்பர். அமெரிக்கக் காட்டுத்தீயின் புகையை இவ்வாறு அளந்து, 1979-இல் பால் குருட்ஸன் என்னும் விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் வெளியிட்டனர். அவரும் தமிழ்நாட்டில் பிறந்த வி. ராமநாதனும் 1999-இல் பன்னாட்டு விஞ்ஞானிகளுடன் இந்துமாக்கடல் மேலுள்ள காற்றை ஆராய்ந்தபோது, நம் நிலப்பரப்பின் புகை கடல் கடந்து பரவியிருக்கக் கண்டனர். மாலத்தீவிலும் புனே அருகிலுள்ள சிங்ககட் மலையிலும் குளிர்காலத்தில் பிடித்த கரிமத் துகள்களில் மூன்றில் இரு பங்கு, விறகு, சாணம், தட்டை முதலியவற்றை எரித்ததால் வந்தது என 2009-இல் வெளியான ஆய்வு கூறிற்று.

ஒரு டன் காய்ந்த தட்டை எரிந்தால், காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர்வதால், ஏறத்தாழ 1,500 கிலோ கரியமிலவாயு உண்டாகிறது. அத்துடன் சுமார் 90 கிலோ கார்பன் மோனாக்ஸைடும் 3 கிலோ மீதேனும் வெளிப்படுகின்றன. கரியமிலவாயு பயிர்க்கடனைப் போன்றது. அடுத்த வெள்ளாமை அதை உள்வாங்கிக் கடனை அடைத்துவிடும். மீதேனைப் பயிர் உள்வாங்குவதில்லை. நூறாண்டுக் கணக்கில் அது எடைக்கு எடை கரியமிலவாயுவைவிடச் சுமார் 28 மடங்கு உஷ்ணத்தைப் பிடித்து வைக்கிறது. இது வசூலாகாத பாக்கி. தட்டையிலிருந்த தழைச்சத்தின் பெரும்பகுதியும் புகையோடு போய்விடுகிறது. அதையே உரமாகச் சங்கத்தில் கடனுக்கு வாங்குகிறோம்!

அங்கத்தினரைக் குறை கூறுதல் எளிது. கூலியாள் கிடைப்பது அரிது. கோடை உழவுக்கு நிலம் ஒழிய வேண்டும். மாரில் எஞ்சிய காய்களில் தங்கும் காய்ப்புழுவையும் அழிக்க வேண்டும். தட்டையையும் மாரையும் துகளாக்கி உழுதுவிட்டால் இம்மூன்று காரியங்களும் தீயின்றியே நிறைவேறக்கூடும். ஆனால் துகளாக்கும் இயந்திரம் சிறு விவசாயி தனித்து வாங்கக்கூடியதன்று. தனி ஒருவரால் இயலாததைப் பலர் கூடிச் செய்வதற்கன்றோ கூட்டுறவு தோன்றியது?

ஆகவே, உபதேசத்தை நிறுத்திக்கொண்டு, இயந்திரம் ஒன்று வாங்கி அங்கத்தினருக்குக் குறைந்த வாடகைக்கு விடச் சங்கங்கள் பேரவையில் தீர்மானிக்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். 1901 முதல் கோவில்பட்டியில் இயங்கிவரும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தாரின் ஆலோசனையைக் கேட்டு, தீயிட்ட காட்டின் மண்ணையும் தட்டையை மடக்கி உழுத காட்டின் மண்ணையும் ஆண்டுதோறும் பரிசோதித்து ஒப்பிட்டு வரலாம். அக்கணக்கைச் சங்கப் பலகையில் எழுதி வைப்போமாக.